வார்டில் அழாத குழந்தை

1940களின் கடைசி. பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் டிரெசர் கொடுக்கும் கசப்பு மிக்சர். அதற்கும் அடங்காவிட்டால் ஈப்போ, பத்து காஜா என்று பெரிய ஆஸ்பத்திரி. தாய் கூடவே தங்க நினைத்தாலும் விடிவதற்குள் பெரட்டு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்பு, கூப்பிடும். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. லயத்துத் தாயைத் தடுத்தது வறுமை. அந்த ஆஸ்பத்திரிகளை நடத்திய ஆங்கிலேயரின் தலைநகரிலோ, தாய் வாசலில் வந்து நின்றாலும் உள்ளே விடவில்லை.

லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஞாயிறு மதியம் 2 முதல் 4 மணி வரை மட்டுமே பிள்ளையைப் பார்க்கலாம். செயின்ட் தாமஸில் முதல் மாதம் முழுக்க அனுமதி கிடையாது. இரவு 7 முதல் 8 வரை, பிள்ளை தூங்கும்போது எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். தொற்று வரும் என்றார்கள். பெற்றவள் வந்து போனால் பிள்ளை அழுது ஊரைக் கூட்டுகிறது, வராவிட்டால் சில நாளில் அடங்கிவிடுகிறது என்றும் சொன்னார்கள். அந்த அடக்கத்தைப் பெரும்பாலான மருத்துவர்கள் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டார்கள். அதை நம்ப மறுத்தவர்களில் ஒருவர் மருத்துவரே அல்ல.

ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் ராபர்ட்சன், போர்க்காலத்தில் லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு குழந்தைகள் காப்பகத்தின் கொதிகலனைக் கவனித்தவர். 1938இல் நாஜிகளுக்குத் தப்பி வியன்னாவிலிருந்து வந்த குழந்தை உளப்பகுப்பாய்வாளர் அன்னா பிராய்டு நடத்திய காப்பகம் அது. அங்கே ஒரு விதி: எந்த வேலை செய்பவராக இருந்தாலும், பிள்ளைகளிடம் கண்டதை அட்டையில் எழுதிவைக்க வேண்டும். கொதிகலன்காரரும் எழுதினார். எழுத எழுதக் கண் திறந்தது. 1948இல் உளமருத்துவர் ஜான் பௌல்பி அவரை மருத்துவமனைப் பிள்ளைகளைக் கவனிக்க அனுப்பினார். ராபர்ட்சன் கண்டது வேறு. பிள்ளை முதலில் கதறுகிறது. பிறகு ஓய்ந்து போகிறது. கடைசியில், தாய் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. குணமாகி அடங்கவில்லை, நம்பிக்கை போய் அடங்கியிருக்கிறது. சொன்னார், கேட்பாரில்லை. சினிமா எடுத்துப் பழக்கமே இல்லாத அந்த மனிதர் கேமராவைத் தூக்கினார்.

வேண்டுமென்றே பொறுக்கியெடுத்தார் என்ற பழி வரக்கூடாதென்று, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாற்போல ஒரு பிள்ளையைத் தேர்ந்தார். அமைந்தவள் லாரா. இரண்டரை வயதுகூட நிரம்பவில்லை. தொப்புள் குடலிறக்கத்துக்கு அறுவை, 8 நாள் வாசம். படம் எடுப்பவருக்குச் சோதனை போல, அவள் அதிகம் அழாத பிள்ளை! ஆனால் அழுகையை விழுங்க அந்தச் சிறிய முகம் படும் பாடு, எந்தக் கதறலையும்விடப் பார்ப்பவரை உலுக்கியது. 1952 நவம்பரில் ராயல் மருத்துவச் சங்கத்தில் படம் ஓடியதும் கூட்டம் கொதித்தது. மருத்துவமனைகளை அவமதிக்கிறார் என்று பாய்ந்தார்கள். ராபர்ட்சன் பின்வாங்கவில்லை. ஆனால் தாயை உள்ளே விட்டாலும், அறுவை அறையைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது?

பதில் அட்லாண்டிக்கின் அந்தப் பக்கத்தில் கிடைத்தது. போலியோ கிருமியைச் சோதனைக்கூடத்தில் வளர்த்து, தடுப்பூசிக்கு வழி திறந்து, 1954இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் பிரெடரிக் ராபின்ஸ். கிளீவ்லாந்து நகர மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த பிள்ளைகளுக்கு மருந்து மட்டும் போதாது என்று உணர்ந்து, 1955இல் அவர் அழைத்தது ஓர் ஆசிரியையை! எம்மா பிளாங்க். மாண்டிசோரி முறை பயின்றவர், அன்னா பிராய்டின் வட்டத்தைச் சேர்ந்தவர், அதே 1938இல் அதே வியன்னாவை விட்டு வந்தவர். வார்டுக்குள் பாடமும் விளையாட்டும் நுழைந்தன. ஊசிக் குழலையே விளையாட்டுச் சாமானாக்கி, பொம்மைக்குப் போட்டுப் பார்க்க விட்டார். வலிக்கும் என்றால் வலிக்கும் என்றே சொன்னார். பிள்ளைக்குப் பொய் சொல்லாத இந்தத் துணிவுதான் அவர் செய்ததிலேயே பெரியது என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய பிரிவின் பெயர் 'குழந்தை வாழ்வும் கல்வியும்'.

1959இல் பிரிட்டனின் பிளாட் அறிக்கை, பெற்றோர் வந்துபோகத் தடை கூடாது என்றது. 1962இல் பிளாங்க்கின் நூல் வந்தது. அவர் வழியில் பலர் கிளம்பினார்கள். 1982இல் அவர்களுக்கென ஒரு மன்றம், 1998இல் சான்றிதழ்த் தேர்வு. இன்று சிங்கப்பூர் கே.கே. மருத்துவமனை வரை வந்துவிட்ட 'சைல்டு லைஃப் ஸ்பெஷலிஸ்ட்' என்ற வேலை பிறந்த கதை இதுதான். அமெரிக்கச் சான்றிதழ் வேண்டுமானால் பட்டப்படிப்பு, 600 மணி நேர மருத்துவமனைப் பயிற்சி, பிறகு தேர்வு.

மலேசியாவில் 2011இல் மருத்துவமனைக்குள் பள்ளிக்கூடம் தொடங்கியது. பிறகு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கும் வந்தது. ஆனால் பிளாங்க்கின் திட்டத்தில் 'கல்வி' பாதிதான். அறுவைக்கு முந்தைய இரவில் தமிழிலும் மலாயிலும் கண்டனீசிலும் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த வார்டுகளுக்கு வேண்டும். பெரட்டுக்கு ஓடிய அந்தத் தாய்மாரின் பேத்திகளில் சிலராவது இந்த 600 மணி நேரத்துக்குக் கிளம்ப வேண்டும்.