42.34 மீட்டரில் ஒரு பெண்குரல்

பினாங்கிலிருந்து புறப்பட்ட ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலோடு சென்ற வாரம் நிறுத்தினேன். வக்கம் அப்துல் காதரும் தோழர்களும் மலபார்க் கரையில் தானூரில் இறங்குவதை இந்த வாரம் எழுதுவதாக வாக்கும் கொடுத்திருந்தேன். ஆனால் 1942 செப்டம்பர் என்று எழுதியவுடனே, அதே செப்டம்பரில் பம்பாயில் ஒரு திருட்டு வானொலியில் இரவு தோறும் ஒலித்துக்கொண்டிருந்த ஒரு குரல் குறுக்கே வந்து நின்றுவிட்டது. இங்கே பினாங்கில் ஃப்ரீ ஸ்கூல் கட்டடத்தில் வழக்கறிஞர் ராகவனின் சுயராஜ்யக் கழகத்தில் உளவுப் பயிற்சி பெற்ற காதர் போன்றவர்களும், அங்கே அந்தத் திருட்டு வானொலியை நடத்தியவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இருந்தாலும் ஒரே போரின் இரு முனைகளில் நின்றவர்கள். அந்த வானொலிக்காரர்களைச் சொல்லாமல் காதரைக் கரையேற்ற எனக்கு மனம் வரவில்லை.

காங்கிரஸின் ஆகஸ்ட் 8 ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானமும் மறுநாள் விடியற்காலைக் கைதுகளும் வாசகர்கள் அறிந்தவை. பெரும்பாலான தலைவர்கள் உள்ளே போய்விட்டார்கள். பத்திரிகைகளின் வாயைக் கட்டியாயிற்று. அந்த நேரத்தில் 22 வயதுப் பெண் ஒருத்தி, ‘நமக்கென்று ஒரு ரேடியோ வேண்டும்’ என்று கிளம்பினாள். அவள்தான் உஷா மேத்தா. சூரத் பக்கத்துக் கிராமத்தில் 1920இல் பிறந்தவர். தகப்பனார் வெள்ளையர் ஆட்சியில் நீதிபதி. மகளோ எட்டு வயதிலேயே சைமன் கமிஷனை எதிர்த்து ஊர்வலம் போனவள். 1942இல் சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இந்த வேலையில் இறங்கினார்.

போர் தொடங்கியதுமே அமெச்சூர் வானொலிக்காரர்களின் லைசென்ஸை அரசு ரத்து செய்திருந்தது. டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பதே குற்றம். நரிமன் பிரின்டர் என்ற தொழில்நுட்பக்காரர் உதிரிப் பாகங்களைக் கொண்டு ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். சிகாகோ ரேடியோ கம்பெனியின் நானக் மோத்வானி கருவிகள் கொடுத்து உதவினார். பாபுபாய் கக்கர், விட்டல்பாய் ஜவேரி, சந்திரகாந்த் ஜவேரி ஆகியோர் தோள் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 27 அன்று 42.34 மீட்டரில் முதல் ஒலிபரப்பு. இது காங்கிரஸ் வானொலி, இந்தியாவில் எங்கோ ஓர் இடத்திலிருந்து பேசுகிறோம் என்ற அறிவிப்போடு அது காற்றில் ஏறியது.

அவர்கள் நடத்திய முறையைக் கவனியுங்கள். பேசுவது ஓரிடம், ஒலிபரப்புவது வேறோர் இடம். தலைமறைவாக இருந்த சோஷலிஸ்ட் தலைவர்கள் லோகியா, அச்சுத் பட்வர்தன் போன்றோரின் பேச்சை ஒரு வீட்டில் இசைத்தட்டில் பதிவார்கள். தட்டை எடுத்துக்கொண்டு போய் டிரான்ஸ்மிட்டர் இருக்கும் வீட்டில் சுழல விடுவார்கள். போலீஸ் உள்ளே நுழைந்தாலும் பேசியவர் அங்கே இருக்கமாட்டார். ஆங்கிலத்துக்குக் கூமி தஸ்தூர், ஹிந்துஸ்தானிக்கு மொயினுதீன் ஹாரிஸ் என்று குரல் கொடுக்க ஆட்களும் இருந்தார்கள். சௌபாட்டி, வால்கேஷ்வர், கிர்காம் என்று வாடகை வீடு வீடாக அந்த டிரான்ஸ்மிட்டர் குடிபெயர்ந்துகொண்டே இருந்தது. அலை வரும் திசையை மோப்பம் பிடிக்கும் போலீஸ் வேன்களும் தெருத்தெருவாகச் சுற்றின. அகில இந்திய வானொலி இவர்கள் ஒலிபரப்பை இரைச்சலால் அமுக்கப் பார்த்தது. அந்த அரசு வானொலியை இவர்கள் இந்திய விரோத வானொலி என்றே அழைத்தார்கள். அழைத்ததில் என்ன தப்பு?

சிட்டகாங் குண்டுவீச்சு, ஜாம்ஷெட்பூர் வேலைநிறுத்தம், சிமூர், ஆஷ்டி கிராமங்களில் நடந்த கொடுமைகள்: பத்திரிகைகள் தொட அஞ்சிய செய்திகளை இந்தப் பிள்ளைகள் ஊர் ஊராக ஆள் வைத்துத் திரட்டிச் சொன்னார்கள்.

நவம்பர் 12 மாலைக்கு வருவோம். அன்று போலீஸ் பாபுபாயின் அலுவலகத்தில் புகுந்துவிட்டது. செய்தி தெரிந்த உஷா ஓடி ஒளியவில்லை. இருப்பது கைப்பற்றப்பட்டால் மாற்று வேண்டுமே என்று இன்னொரு டிரான்ஸ்மிட்டருக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டு, சந்திரகாந்த்துடன் மகாலட்சுமி கோயில் பக்கத்தில் இருந்த பாரடைஸ் பங்களாவுக்குப் போனார். வழக்கம்போல் பாட்டு, செய்தி, பேச்சு. கடைசியாக வந்தே மாதரம் இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்தபோது கதவு இடிபட்டது. கதவுகளை உடைத்துக்கொண்டு போலீஸ் நுழைந்தது. தட்டை நிறுத்து என்றார்கள். நிறுத்தமாட்டோம், இது எங்கள் தேசிய கீதம், அசையாமல் நில்லுங்கள் என்று பதில் வந்ததாக உஷா மேத்தா பின்னாளில் சொல்லியிருக்கிறார். துப்பாக்கிக்காரர்களைப் பார்த்து 22 வயதில் இப்படிச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? நம் பாடப்புத்தகங்களில் தளபதிகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றை இவருக்கு ஒதுக்கியிருக்க வேண்டும்.

காட்டிக் கொடுத்தவர் வேறு யாருமில்லை, டிரான்ஸ்மிட்டரைக் கட்டிய அதே நரிமன் பிரின்டர். பிடிபட்டதும் போலீஸை அழைத்துக்கொண்டு வந்து வீட்டைக் காட்டினார். பயந்தவர் என்று சிலர் அவருக்காகப் பரிந்து பேசலாம். ஆறு மாத விசாரணையில் ஒரு பெயரைக்கூட உதிர்க்காத உஷாவை அருகில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பரிவு வரவில்லை. 1943 மே மாதம் தீர்ப்பு. பாபுபாய்க்கு ஐந்தாண்டு, உஷாவுக்கு நான்காண்டு, சந்திரகாந்த்துக்கு ஓராண்டு. மோத்வானியும் விட்டல்பாயும் விடுதலை. 1946இல் வெளியே வந்த உஷா பின்னர் பேராசிரியையாகி, 1998இல் பத்ம விபூஷண் பெற்று, 2000 ஆகஸ்டில் காலமானார்.

அந்த வானொலி பேசியது நமக்கு எப்படித் தெரியும்? வேட்டையாடியவர்களே எழுதி வைத்தார்கள். போலீஸ் இரவு தோறும் காதைத் தீட்டிக்கொண்டு ஒலிபரப்பைக் குறிப்பெடுத்தது. நீதிமன்றத்தில் சாட்சியாக வைத்த அந்தத் தாள்கள் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றிலிருந்துதான் உஷா தக்கர் 2021இல் காங்கிரஸ் வானொலி பற்றி முழு நூலே எழுத முடிந்தது. லைசென்ஸ் இல்லாத வானொலிகள் அயர்லாந்திலும் உண்டு, ஆனால் அவற்றின் குரல் பிழைத்த கதை வேறு. அங்கே 1916 எழுச்சியின்போதே கிளர்ச்சிக்காரர்கள் டப்ளினில் மோர்ஸ் தந்தியில் செய்தியைக் காற்றில் விட்டார்கள். 1980களில் ரேடியோ நோவா போன்ற லைசென்ஸ் இல்லாத நிலையங்கள் நகரையே ஆண்டன. 1988 கடைசியில் சட்டம் வந்து பெரும்பாலானவற்றை மூடியது. ஆனால் நேயர்கள் வீட்டில் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார்கள். அந்தப் பதிவுகளும் அறிவிப்பாளர்களின் குரல்களும் இன்று டப்ளின் நகரப் பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கின்றன. போலீஸ் தாள் பேச்சைத்தான் காப்பாற்றும். கூமி தஸ்தூர் எந்த வார்த்தையில் குரலை உயர்த்தினார் என்பதைக் கேசட்டால் மட்டுமே காட்ட முடியும்.

மலாயாவில் நமக்கும் காற்றில் ஒரு வரலாறு உண்டு. 1934இல் தொடங்கிய பினாங்கு வானொலிக் கழகத்தின் இசட்.எச்.ஜே. நிலையம் 49.3 மீட்டரில் தமிழிலும் பேசியது. 1941 டிசம்பரில் ஓடிய வெள்ளைக்காரர்கள் அந்த நிலையத்தைத் தகர்க்காமல் ஜப்பானியரிடம் அப்படியே விட்டுப் போனார்கள். மன்னிக்க முடியாத பொறுப்பின்மை அது. பிறகு ஜப்பானியர் ஆட்சியில் சிற்றலை கேட்பதே குற்றமாயிற்று. பேராக்கின் பாப்பானில் செவிலி சிபில் கார்த்திகேசு ஒளித்து வைத்த ரேடியோவில் பி.பி.சி. கேட்டார், பிடிபட்டு வதைபட்டார். நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வானொலியும் தமிழில் பேசியது.

அந்தக் குரல்களைச் சிறுவயதில் கேட்டவர்கள் இன்று 90ஐத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். பிறையிலோ பட்டர்வொர்த்திலோ பாகான் டாலாமிலோ உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், யார் வீட்டு ரேடியோவில் கேட்டார்கள், யாருக்குப் பயந்து கேட்டார்கள் என்று இந்த வாரமே கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அலமாரியில் பழைய வானொலி நிகழ்ச்சிகள் பிடித்த ஸ்பூல் நாடாவோ கேசட்டோ கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். இத்தொடரின் முகவரிக்கு எழுதுங்கள். தானூர்க் கரையை அடுத்த வாரம் எழுதுகிறேன்.