கிளீவ்லாண்டில் ஆடப்படாத 35 ஆட்டங்கள்

அமெரிக்க பேஸ்பாலில் ஒரு பருவம் முழுவதும் தோற்பதில் முதலிடம் எந்த அணிக்கு என்று எந்தப் புள்ளிவிவர நூலைத் திறந்து கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: 1899ஆம் ஆண்டின் கிளீவ்லாண்ட் ஸ்பைடர்ஸ். 154 ஆட்டங்களில் 20 வெற்றி, 134 தோல்வி. முதலிடம் பிடித்த புரூக்ளின் அணிக்கு 84 ஆட்டங்கள் பின்னால், பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம். 2024இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டங்களில் தோற்று அமெரிக்கா முழுவதும் பேசப்பட்டபோதும், அந்தச் செய்திகளின் ஓரத்தில் 1899 வந்து நின்றது. நூற்று இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த இடத்தை யாரும் நெருங்கவில்லை.

அந்தப் பருவத்தின் ஆவணங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது என்னை இழுத்து நிறுத்தியது 134 என்ற எண் அல்ல. அதன் கீழே சிறிய எழுத்தில் இருந்த பிரிப்புக் கணக்கு. சொந்த மைதானத்தில் 9 வெற்றி, 33 தோல்வி. வெளியூரில் 11 வெற்றி, 101 தோல்வி. அதாவது கிளீவ்லாண்டில் 42 ஆட்டங்கள், வெளியூர்களில் 112.

இந்தக் கணக்கு இடிக்கிறது. அன்றைய நேஷனல் லீகில் பன்னிரண்டு அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற பதினொன்றோடும் தலா 14 முறை மோத வேண்டும். ஏழு முறை இங்கே, ஏழு முறை அங்கே. அப்படியானால் ஒவ்வோர் ஊருக்கும் 77 ஆட்டங்கள் சேர வேண்டும். கிளீவ்லாண்டுக்குக் கிடைத்தது 42. மீதி 35 ஆட்டங்கள் எங்கே போயின? யார் எடுத்துக்கொண்டு போனார்கள்? எதற்காக? அணி ஏன் தோற்றது என்ற பெரிய கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, இந்தச் சின்னக் கணக்கைத்தான் நான் பின்தொடர்ந்தேன்.

வானொலியும் தொலைக்காட்சியும் இல்லாத அந்தக் காலத்துக்குச் சாட்சி சொல்ல இருப்பவை செய்தித்தாள்கள்தான். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மறுநாள் பத்திரிகையில் ஒரு சிறு கட்டம் அச்சாகும்: யார் ஆடினார், எத்தனை முறை அடித்தார், யார் பந்து எறிந்தார், எத்தனை ரன், எத்தனை பிழை. அதைத்தான் பாக்ஸ் ஸ்கோர் என்கிறார்கள். செயின்ட் லூயிஸிலிருந்து 'ஸ்போர்ட்டிங் நியூஸ்', பிலடெல்பியாவிலிருந்து 'ஸ்போர்ட்டிங் லைஃப்' என்று இரண்டு விளையாட்டு வார இதழ்கள் அப்போதே இருந்தன. ஆண்டுதோறும் ஸ்பால்டிங் கையேடும் வந்தது. இவற்றில் பெரும்பகுதி இன்று படமெடுக்கப்பட்டு எவரும் பார்க்கக் கிடைக்கிறது. எண்ணும் பெயரும் சேர்ந்தே கிடைப்பதால், பழைய பருவம் ஒன்றை நாள்வாரியாகத் திரும்பக் கட்டியெழுப்ப முடியும்.

முதல் தடயம் ஆட்டக்காரர்களின் பெயர்களிலேயே இருந்தது. 1898ஆம் ஆண்டின் பட்டியல்களை ஒரு பக்கமும் 1899ஆம் ஆண்டின் பட்டியல்களை மறுபக்கமும் வைத்துப் பார்த்தால் கண்கூடாகத் தெரியும். 1898இல் கிளீவ்லாண்ட் 81 வெற்றி, 68 தோல்வியோடு ஐந்தாம் இடம் பிடித்த நல்ல அணி. 1895இல் பால்டிமோரை வீழ்த்தி டெம்பிள் கோப்பையையே வென்ற அணி. அதே 1898இல் செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸ் 39 வெற்றி, 111 தோல்வி, கடைசி இடம். அடுத்த ஆண்டு செயின்ட் லூயிஸ் ஐந்தாம் இடத்தில். கிளீவ்லாண்ட் பாதாளத்தில்.

பெயர்களைப் படித்தால் காரணம் புரிகிறது. சை யங், ஜெஸ்ஸி பர்கெட், பாபி வாலஸ், கியூபிட் சைல்ட்ஸ், எட் மெக்கீன், ஜாக் பவல், ஜாக் ஓ'கானர், மேனேஜர் பாட்ஸி டெபோ: எல்லாருமே 1898இல் கிளீவ்லாண்ட்காரர்கள், 1899இல் செயின்ட் லூயிஸ்காரர்கள். சை யங் பின்னாளில் 511 வெற்றிகளோடு ஓய்வு பெற்றவர். இன்றுவரை அந்த எண்ணை எட்டியவர் இல்லை. ஆண்டுதோறும் சிறந்த பிட்ச்சர்களுக்குத் தரப்படும் விருதே அவர் பெயரில்தான் இருக்கிறது. இவர்களுக்கு மாற்றாகக் கிளீவ்லாண்டுக்கு வந்தவர்கள் லேவ் கிராஸ், ஜோ குவின், டாமி டவுட், டிக் ஹார்லி, ஜோ சக்டன், ஜிம் ஹியூயி, வில்லி சட்ஹாஃப். முந்தைய ஆண்டு 111 தோல்வி கண்ட அணியின் முதுகெலும்பு இவர்கள்தான். இரண்டு ஊர்களும் தங்கள் அணிகளை மாற்றிக்கொண்டன. ஆனால் இரண்டு ஊர் மக்களிடமும் யாரும் கேட்கவில்லை.

இப்படி மாற்ற எவருக்கு அதிகாரம் இருந்தது? இரண்டு அணிகளும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தன. ஃபிராங்க் ராபிசன், அவர் தம்பி ஸ்டான்லி ராபிசன். கிளீவ்லாண்டில் டிராம் தொழில் நடத்திப் பணம் சேர்த்தவர்கள். ஃபிராங்க் 1891இல் கட்டிய லீக் பார்க் மைதானம் அவருடைய டிராம் பாதையை ஒட்டித்தான் நின்றது. ரசிகர் கொடுக்கும் டிக்கெட் காசும் டிராம் காசும் ஒரே பெட்டியில் விழ வேண்டும் என்பதுதான் திட்டம். அதன் முதல் ஆட்டத்தில் பந்தெறிந்தவரும் சை யங்தான்.

செயின்ட் லூயிஸில் அப்போது கிறிஸ் வான் டெர் ஆஹே கடனிலும் வழக்கிலும் மூழ்கிக்கொண்டிருந்தார். 1880களில் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் பட்டம் வென்ற அணியின் உரிமையாளர் அவர். 1898இல் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே மைதானத்தில் தீப்பிடித்தது. அதன் பின் அவரால் எழ முடியவில்லை. 1899 மார்ச்சில் அவர் அணி ஏலத்துக்கு வந்து, கைமாறி, ராபிசன் சகோதரர்களிடம் சேர்ந்தது. அவர்கள் அதற்குப் பெர்ஃபெக்டோஸ் என்று புதுப் பெயர் வைத்தார்கள். ஒருவரே இரண்டு அணிகளில் பங்கு வைத்திருப்பதை லீக் அன்று தடுக்கவில்லை. புரூக்ளினும் பால்டிமோரும்கூட அந்த ஆண்டு இப்படித்தான் ஒரே கூட்டத்தின் கையில் இருந்தன.

ஃபிராங்க் ராபிசன் ஏன் சொந்த ஊரைக் கைவிட்டார்? இங்கே ஞாயிற்றுக்கிழமை வருகிறது. வாரம் ஆறு நாளும் வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு ஆட்டம் பார்க்கக் கிடைப்பது ஞாயிறு மட்டும். கிளீவ்லாண்டில் ஞாயிற்று ஆட்டத்துக்குச் சட்டம் இடம் தரவில்லை. 1897 மே மாதத்தில் ராபிசன் சட்டத்தைச் சோதித்துப் பார்க்க ஆட்டம் வைத்தார். இரண்டு அணி ஆட்டக்காரர்களையும் போலீஸ் கைது செய்தது. செயின்ட் லூயிஸில் அந்தத் தடை இல்லை, ஊரும் பெரியது. வணிகக் கண்ணோடு பார்த்தால் அவர் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் ஓர் ஊரின் அணியை வெறும் சரக்காக எண்ணிய அந்த மனத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

1899 ஏப்ரல் 15இல் பருவம் தொடங்கியது. முதல் ஆட்டமே கிளீவ்லாண்டுக்கும் செயின்ட் லூயிஸுக்கும், செயின்ட் லூயிஸில். சை யங் பந்தெறிய, அவருடைய பழைய ஊரின் அணி 10-1 என்று தோற்றது.

இனி அந்த 35 ஆட்டங்களுக்கு வருவோம். பருவத்தை நாள்வாரியாக வரிசைப்படுத்தியபோது ஓர் இடத்தில் கோடு தெளிவாகப் பிளக்கிறது. முதல் 61 ஆட்டங்களில் 34 கிளீவ்லாண்டில், 27 வெளியூரில். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அதற்குப் பிந்தைய 93 ஆட்டங்களில் 85 வெளியூரில், 8 மட்டும் சொந்த ஊரில். கோடைக்காலத்தின் நடுவில் யாரோ அணியை ஊரைவிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

அனுப்பியது காலி நாற்காலிகள். கிளீவ்லாண்டின் முதல் 16 உள்ளூர் ஆட்டங்களைப் பார்க்க வந்தவர்கள் மொத்தம் 3,179 பேர். பருவம் முழுவதும் 42 ஆட்டங்களுக்கு 6,088 பேர். ஆட்டத்துக்குச் சராசரி 145. டிக்கெட் 50 சென்ட் என்று வைத்துக் கணக்குப் போட்டாலும் ஒரு நாளின் மொத்த வசூல் 73 டாலரைத் தாண்டாது. அந்த வசூலில் ஒரு பங்குதான் வருகிற அணிக்கு. அதில் ரயில் கட்டணமும் விடுதி வாடகையும்கூடத் தேறாது என்று மற்ற அணிகள் கிளீவ்லாண்டுக்கு வரவே மறுத்தன. ஆகவே கிளீவ்லாண்டில் நடக்க வேண்டிய ஆட்டங்களும் எதிரணியின் ஊருக்கே மாற்றப்பட்டன. அந்த 35 ஆட்டங்களின் கதை இதுதான். உள்ளூர்ப் பத்திரிகைகள் அந்த அணியை நாடோடிகள், அநாதைகள் என்ற பொருளில் பல பெயர்கள் சொல்லி அழைத்தன. ஊரார் ஆட்டத்தை வெறுத்துவிட்டார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. தங்கள் சை யங்கையும் பர்கெட்டையும் பிடுங்கிக்கொண்டு போனவருக்கு அவர்கள் காசு கொடுக்க மறுத்தார்கள். நான் அவர்கள் பக்கம்தான்.

அப்படியானால் 134 தோல்விக்குக் காரணம் அலைச்சல்தானா? அப்படிச் சொல்லிவிட ஆசையாக இருக்கிறது, ஆனால் எண்கள் விடவில்லை. சொந்த ஊரிலும் இவர்கள் ஐந்தில் ஓர் ஆட்டம்தான் வென்றார்கள். அந்த 35 ஆட்டங்களும் கிளீவ்லாண்டிலேயே நடந்திருந்தால், அதே விகிதத்தில், கூடுதலாக நான்கு வெற்றி கிடைத்திருக்கும். 24 வெற்றி, 130 தோல்வி. அப்போதும் வரலாற்றின் கடைசி இடம்தான்.

ஆகவே மேனேஜர்களின் கணக்கைத் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். அங்கேதான் இரண்டாவது வெட்டு தெரிந்தது. லேவ் கிராஸின் கீழ் 38 ஆட்டங்களில் 8 வெற்றி, 30 தோல்வி. மோசம்தான், ஆனாலும் அணி ஏதோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஜூன் தொடக்கத்தில் கிராஸையும் சட்ஹாஃபையும் செயின்ட் லூயிஸ் திரும்ப எடுத்துக்கொண்டது. கிராஸ் நல்ல மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர், செயின்ட் லூயிஸுக்கு அவர் தேவைப்பட்டார். சட்ஹாஃப் அங்கே போய்த் தோற்றதைவிட அதிகமாக வென்றார். கிளீவ்லாண்டில் எவராவது கொஞ்சம் நன்றாக ஆடினால் அவருக்கு இங்கே இடமில்லை என்று ஆகிவிட்டது. காய்த்த கிளையை ஒடித்து ஒடித்துப் பக்கத்துத் தோட்டத்தில் நட்டுவிட்டு, மரம் காய்க்கவில்லை என்று சொன்ன கதை இது.

மீதிப் பருவத்தைச் சுமந்தவர் ஜோ குவின். ஆஸ்திரேலியாவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவர். மேனேஜராக அவர் கணக்கு 12 வெற்றி, 104 தோல்வி. அந்தக் கணக்கைப் பார்த்து அவரை எடை போடுவது அநியாயம். அவரே இரண்டாம் பேஸில் நின்று ஆடிக்கொண்டும் இருந்தார். ஆகஸ்ட் 26 முதல் செப்டம்பர் 16 வரை தொடர்ந்து 24 தோல்வி. செப்டம்பர் 18இல் ஒரு வெற்றி. பிறகு பருவம் முடியும்வரை 16 தோல்வி. பருவம் முழுவதிலும் தொடர்ச்சியாக இரண்டு ஆட்டங்களை அவர்கள் வென்றது ஒரே ஒரு முறைதான்.

பிட்ச்சர்களின் பக்கத்தைப் படிக்க மனம் கனக்கிறது. ஜிம் ஹியூயி 4 வெற்றி, 30 தோல்வி. அவருக்குப் பின் ஒரே பருவத்தில் 30 ஆட்டங்கள் தோற்ற பிட்ச்சர் பெரிய லீகுகளில் எவரும் இல்லை. சார்லி நெப்பர் 4-22. ஃபிராங்க் பேட்ஸ் 1-18. அணி எடுத்த ரன் 529, கொடுத்த ரன் 1,252. இந்த எண்களைச் சிலர் சிரிப்புக்குச் சொல்வதுண்டு. எனக்கு அவற்றில் தெரிவது வேறு. முப்பது முறை தோற்ற ஒருவர் முப்பத்தோராவது முறையும் பந்தை வாங்கிக்கொண்டு மைதானத்தின் நடுவுக்குப் போகத் தயாராக இருந்தார் என்பதுதான்.

அக்டோபர் 15, கடைசி நாள், சின்சினாட்டியில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். நாட்காட்டியைச் சரிபார்த்தேன்: ஞாயிற்றுக்கிழமை. கிளீவ்லாண்டில் மறுக்கப்பட்ட அதே ஞாயிறு. முதல் ஆட்டத்தில் 16-1 தோல்வி. இரண்டாவதில் எட்டி கோல்ப் என்ற இளைஞர் பந்தெறிந்து 19-3 என்று தோற்றார். அணி தங்கியிருந்த விடுதியின் சுருட்டுக் கடையில் வேலை பார்த்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்லப்பட்டு வருகிறது. பெரிய லீகில் அவர் ஆடியது அந்த ஓர் ஆட்டம்தான்.

1900இல் லீக் பன்னிரண்டு அணிகளை எட்டாகக் குறைத்தது. கிளீவ்லாண்டோடு லூயிவில், பால்டிமோர், வாஷிங்டன் அணிகளும் போயின. மறு ஆண்டு அமெரிக்கன் லீகில் கிளீவ்லாண்டுக்கு ஓர் அணி இருந்தது. இன்று கார்டியன்ஸ் என்று ஆடுவது அதுதான். பெர்ஃபெக்டோஸ்தான் இன்றைய செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். ராபிசன் சகோதரர்களுக்குப் பின் அது ஃபிராங்கின் மகள் ஹெலன் பிரிட்டனுக்கு வந்தது. பெரிய லீக் அணியொன்றுக்கு உரிமையாளரான முதல் பெண் அவர். இரண்டு அணிகளை ஒருவர் கையில் வைத்திருப்பதும் பின்னர் தடை செய்யப்பட்டது.

தோல்விப் பட்டியல்களைத் தொகுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். 20-134 என்ற வரியை அழிக்க வேண்டாம், அது நடந்ததுதான். ஆனால் அதன் கீழே இன்னும் ஒரு வரி சேருங்கள்: அதே ஆண்டு, அதே உரிமையாளர்களின் மற்றோர் அணி, செயின்ட் லூயிஸ் பெர்ஃபெக்டோஸ், 84 வெற்றி, 67 தோல்வி.