இரண்டாம் பரிசு இல்லாத பந்தயம் – 5: டூசான்

1962இல் ஆண்ட்ரூ ஷாலி ஹூஸ்டனிலிருந்து மூட்டை கட்டினார் என்பதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். ரோஜர் கில்லெமினோடு ஐந்து வருடம் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். இருவரும் சேர்ந்து தேடிய பொருள் கிடைக்கவில்லை, மனக்கசப்புதான் மிச்சம். ஷாலி போய்ச் சேர்ந்த இடம் நியூ ஆர்லியன்ஸில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனை. பழைய கூட்டாளி இனி எதிராளி.

இந்த வாரம்தான் தொடரில் நுழைகிறவர்களுக்காக இரண்டு வரி. மூளையின் அடியில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. அதற்குக் கட்டளையிடுவது சற்று மேலே இருக்கும் ஹைபோதலாமஸ், கட்டளை இரத்தத்தின் வழியே இரசாயனமாக இறங்குகிறது என்று 1955இல் தன் நூலில் வாதாடினார் இங்கிலாந்தின் ஜெஃப்ரி ஹாரிஸ். அந்த இரசாயனத்தைப் பிடித்துக் கண்ணாடிக் குப்பிக்குள் போட்டுக் காட்டினால் நோபல் பரிசு நிச்சயம் என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். முதலில் காட்டுகிறவருக்கு மட்டும்.

அதே 1962இல் கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். புது அறிவைக் கண்டுபிடிக்கப் பணம் போடுகிறவரால் அதன் முழுப் பலனையும் தன் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது. வெளியே வந்ததும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே சந்தையை நம்பினால் ஆராய்ச்சிக்குப் போதிய முதலீடு வராது, அரசு செலவழித்தே ஆக வேண்டும் என்பது அவர் வாதம். அமெரிக்க அரசு அதைத்தான் செய்துகொண்டிருந்தது. சரி, அரசுப் பணம் வாங்கும் விஞ்ஞானி எதற்காக இரவு பகலாக உழைக்கிறார்? அதற்கான பதிலை ஐந்து வருடம் முன்பே, ஷாலி ஹூஸ்டனுக்கு வந்த அதே 1957இல், சமூகவியலாளர் ராபர்ட் மெர்டன் எழுதிவிட்டார். விஞ்ஞானியின் சொத்து ஒன்றே ஒன்றுதான்: நான்தான் முதலில் சொன்னேன் என்ற பெயர். சொத்தைப் பெற வேண்டுமானால் கண்டதை ஊருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவதாக வந்தவருக்கு? ஒன்றுமில்லை. அவரும் அதே அளவு செலவழித்திருப்பார், அதே அளவு தூக்கம் கெட்டிருப்பார். வியாபாரத்தில் இரண்டாம் இடத்துக் கடைக்கும் வாடிக்கையாளர் உண்டு. இங்கே கிடையாது.

இப்போது செலவுக் கணக்கு. தேடும் பொருள் ஒரு மூளையில் இருப்பது கண்ணுக்கும் தராசுக்கும் எட்டாத அளவு. அதுவரை ஒரு சாற்றை எடுத்து எலிக்கு ஊசி போட்டு, 'இதோ ஒரு காரணி இருக்கிறது' என்று கட்டுரை எழுதிவிடலாம். பலர் எழுதினார்கள். கில்லெமின் அந்த ஆட்டத்தின் விதியையே மாற்றினார். தூய பொருளைப் பிரித்து அதன் வேதியமைப்பை எழுதிக் காட்டு, இல்லாவிட்டால் பேசாதே. கேட்க நியாயமாக இருக்கிறது, நியாயம்தான். ஆனால் அந்த விதிப்படி ஆட லட்சக்கணக்கான மூளைகள் வேண்டும், வேதியியலாளர் படை வேண்டும், வருடக்கணக்கில் மானியம் வேண்டும். ஹாரிஸின் ஆக்ஸ்போர்டு ஆய்வகத்தாலேயே இந்த எடைக்கணக்கில் ஈடுகொடுக்க முடியவில்லை. பின்னாளில் கில்லெமின் ஆய்வகத்திலேயே இரண்டு வருடம் உட்கார்ந்து கவனித்த புருனோ லாத்தூர் இதைத்தான் கோடிட்டுக் காட்டினார்: தரத்தை உயர்த்துவது வாசல் கட்டணத்தை உயர்த்துவதும்தான். கட்டணம் கட்டத் தெம்பிருந்தவர்கள் கடைசியில் இரண்டே பேர்.

கில்லெமின் ஆட்டு மூளைகளை வாங்கினார். இறைச்சிக்கூடங்களிலிருந்து உறைந்த நிலையில் வந்துகொண்டே இருந்தன. ஆராய்ச்சி முடிவதற்குள் ஏறக்குறைய 50 லட்சம் ஆடுகளின் ஹைபோதலாமஸ் துணுக்குகள் அவர் கைக்கு வந்திருந்தன. ஷாலி பன்றியைப் பிடித்தார். ஆஸ்கார் மேயர் என்ற சாசேஜ் கம்பெனி பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றி ஹைபோதலாமஸ்களை அவருக்கு நன்கொடையாகவே கொடுத்தது. ஓசி மூளை! பட்ஜெட் போட்டுப் பழகிய எந்த ஆய்வாளரும் ஷாலியின் சாமர்த்தியத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

மறுபுறம் பணம் யாருடையது என்று பாருங்கள். கில்லெமினுக்கு மானியம் கொடுத்தது என்.ஐ.எச். எனப்படும் தேசிய சுகாதார நிறுவனம். ஷாலிக்குச் சம்பளமும் இடமும் கொடுத்தது முன்னாள் படைவீரர் நிர்வாகம், என்.ஐ.எச். பணமும் அவருக்கு வந்தது. எல்லாம் வாஷிங்டன் கஜானாதான். ஒரே மனைக்கு இரண்டு பிள்ளைகள் தனித்தனியே வீடு கட்ட, அப்பா இருவருக்கும் தவணை கட்டிய கதை.

இது வீண் செலவு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் சொல்ல மாட்டேன். ஒருவர் கையில் மட்டும் விட்டிருந்தால் தவறைச் சுட்டிக்காட்ட ஆளிருந்திருக்காது. ஆட்டிலும் பன்றியிலும் ஒரே பொருள்தானா என்ற கேள்விக்கும் தனியாகச் செலவழிக்க வேண்டியிருந்திருக்கும். என் புகார் வேறு. இருவரும் பேசிக்கொள்ளாததற்கான விலையை யாரும் பில்லில் எழுதவில்லை. அந்த விலை எவ்வளவு என்பதை 1966 சொல்கிறது.

அந்த வருடம் ஷாலியின் குழு, தைராய்டைத் தூண்டச் சொல்லும் கட்டளைப் பொருளை, அதாவது டி.ஆர்.எஃப்.ஐ, பிரித்துவிட்டதாக அறிவித்தது. ஒரு லட்சம் பன்றிகளிலிருந்து 2.8 மில்லிகிராம். அதில் மூன்று அமினோ அமிலங்கள் சம அளவில் இருந்தன: குளூட்டாமிக் அமிலம், ஹிஸ்டிடின், புரோலின். முழு விடையும் அந்த மூன்று பெயர்களுக்குள் இருந்தது! ஆனால் மூன்றும் சேர்ந்து எடையில் 30 சதவீதம்தான் வந்தன. மீதி 70 என்ன? புரதத்தைச் சிதைக்கும் நொதிகளும் இந்தப் பொருளை அசைக்கவில்லை. மெர்க் நிறுவனத்தார் இந்த மூன்றையும் கோத்துச் செய்து கொடுத்த செயற்கைப் பொருள்களும் வேலை செய்யவில்லை. ஆகவே இது வெறும் பெப்டைடு, அதாவது அமினோ அமிலச் சங்கிலி, அல்ல என்று முடிவுகட்டி, கையிலிருந்த சாவியை மேசையில் வைத்துவிட்டார் ஷாலி. மீதி 70 பெரும்பாலும் அழுக்குதான் என்று சொல்ல, அதைவிடத் தூய்மையான மாதிரி வைத்திருக்கும் ஒருவர் தேவை. ஹூஸ்டனில் அதற்காக ஆட்டு மூளையை அரைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போய்க் கேட்கும் நிலையில் ஷாலி இல்லை.

இதற்கிடையே பணம் கொடுத்தவர்களுக்குப் பொறுமை போனது. ஹாரிஸின் நூல் வந்து பதினான்கு வருடம். மூளைகள் டன் கணக்கில் போயின. ஒரு மூலக்கூறின் பெயர்கூட வரவில்லை. இல்லாத பொருளைத் தேடுகிறார்கள் என்ற முணுமுணுப்பு உடலியங்கியலாளர்களிடையே உரக்கவே கேட்டது. 1969 ஜனவரியில் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் ஒரு கூட்டம் ஏற்பாடானது. பெயருக்குக் கருத்தரங்கம். இந்தத் துறைக்கு இனியும் பணம் கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் அங்கே தொங்கிக்கொண்டிருந்த கேள்வி.

கில்லெமின் தரப்பில் பேச எழுந்தவர் அவருடைய வேதியியலாளர் ரோஜர் பர்கஸ். மூன்று லட்சம் ஆடுகளின் ஹைபோதலாமஸிலிருந்து அவர் பிரித்திருந்தது ஒரு மில்லிகிராம். அதை உடைத்துப் பார்த்ததில் மூன்றே அமினோ அமிலங்கள். குளூட்டாமிக் அமிலம், ஹிஸ்டிடின், புரோலின். எடையில் அவற்றின் பங்கு ஏறக்குறைய 80 சதவீதம்.

முப்பது எண்பதானதும் இல்லாத பொருள் இருக்கும் பொருளாகிவிட்டது. மானியம் தப்பியது. ஆனால் ஹூஸ்டன் ஜெயித்துவிட்டது என்று நினைத்தால், கணக்கை மறுபடி பாருங்கள். பர்கஸ் வாசித்த மூன்று பெயர்களும் ஷாலியின் 1966 கட்டுரையில் அச்சாகியிருக்கின்றன. மூன்று வருடம் முன்பே தன் கையில் இருந்தது சரியான விடைதான் என்று ஷாலிக்குச் சான்றிதழ் கொடுத்தது, அவருடைய எதிராளியின் ஆய்வகம். தன் மானியத்தைக் காப்பாற்றிக்கொள்ள மேடையேறிய கில்லெமின் அணி, ஷாலியைப் பந்தயத்துக்குள் இழுத்து விட்டது.

இனி வரிசைதான் பாக்கி. மூன்று மணிகளை ஒரு நூலில் கோக்க ஆறு வழிகள் உண்டு. ரோச் நிறுவன வேதியியலாளர்கள் ஆறையும் ஹூஸ்டனுக்குச் செய்து கொடுத்தார்கள். ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள்.

ஆறும் செத்த பொருள்கள். எதிலும் துளி வேலை இல்லை.

பர்கஸ் ஒரு காரியம் செய்தார். இயற்கைப் பொருளின் ஒரு முனை ஏதோ மூடி போட்டாற்போல் அடைபட்டிருந்தது. ஆகவே ஆறுக்கும் அசெட்டிக் அன்ஹைட்ரைடு கொண்டு மூடி போட்டார். ஐந்து அப்படியே கிடந்தன. குளூட்டாமிக் அமிலம் முதலிலும், ஹிஸ்டிடின் நடுவிலும், புரோலின் கடைசியிலுமாக இருந்த ஒன்று மட்டும் உயிர்பெற்றது. முழு வீரியம் இல்லை. ஆனால் சந்தேகமில்லாத உயிர். வேடிக்கை என்னவென்றால், குப்பிக்குள் உருவாகியிருந்தது பர்கஸ் போட நினைத்த மூடி அல்ல. அது என்ன என்பதுதான் பரிசுக்குரிய கேள்வி.

மெர்டனின் விதி இங்கே கழுத்தைப் பிடித்தது. வெளியிடாவிட்டால் 'முதலில் சொன்னேன்' என்ற உரிமை இல்லை. வெளியிட்டால், சரியான வரிசை எது, முனையில் என்ன செய்ய வேண்டும் என்று ஷாலிக்கு ஓசியில் சொல்லிக் கொடுத்தது போலாகும். கில்லெமின் அணி வெளியிட்டது, அதே வசந்தத்தில், பாரிஸ் அறிவியல் கழகத்தின் இதழில், பிரெஞ்சு மொழியில்.

பிரெஞ்சு யாருக்குத் தெரியாது? ஷாலியின் பக்கத்தில் இப்போது ஆஸ்டினிலிருந்து ஒரு புதுக் கூட்டாளி சேர்ந்திருந்தார்: கார்ல் ஃபோல்கர்ஸ். மெர்க்கில் இருந்தபோது 1948இல் வைட்டமின் பி12ஐப் படிகமாகப் பிரித்துக் காட்டிய குழுவின் தலைவர். அவரிடம் போதுமான வேதியியலாளர்களும் இருந்தார்கள், அந்த மூடியைப் பற்றி ஒரு யோசனையும் இருந்தது.

(தொடரும்)