இருவோட்டு மெல்லுடலிகளில் உலோகங்களின் பருவகால மாற்றம்

இருவோட்டு மெல்லுடலிகளில் உலோகங்களின் பருவகால மாற்றம் என்பது மட்டி, சிப்பி போன்ற உயிரினங்களின் உடலிலுள்ள உலோகங்களின் செறிவும், அவ்வுலோகங்களைப் பிணைக்கும் புரதங்களின் அளவும் ஆண்டின் பருவங்களுக்கு ஏற்பக் கூடிக் குறைவதைக் குறிக்கும். கடல் மாசுபாட்டை மதிப்பிடுவதற்கும், உணவாகும் மட்டிகளின் பாதுகாப்பை அறிவதற்கும் இம்மாற்றத்தைப் புரிந்துகொள்ளுதல் இன்றியமையாததாகும்.

உலோகம் சேரும் முறை

இருவோட்டு மெல்லுடலிகளில் பெரும்பாலானவை தம் செவுள்களின் வழியாக நீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களை உணவாகக் கொள்கின்றன. அப்போது நீரில் கரைந்துள்ள உலோகங்களும், வண்டல் துகள்களில் ஒட்டியுள்ள உலோகங்களும் உடலைச் சேருகின்றன. துத்தநாகம், செப்பு ஆகியவை உயிர்வாழ்வுக்குச் சிறிதளவில் தேவையானவை. காட்மியம், பாதரசம், ஈயம் ஆகியவை நச்சுத்தன்மை கொண்டவை.

மெட்டலோதயோனின்

உலோகங்களைப் பிணைக்கும் புரதங்களுள் முதன்மையானது மெட்டலோதயோனின் ஆகும். இது 1957 ஆம் ஆண்டில் மார்கோஷெஸ், வல்லீ ஆகியோரால் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இப்புரதத்தின் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிஸ்டீன் ஆகும். சிஸ்டீனில் உள்ள கந்தக அணுக்கள் உலோக அயனிகளை இறுகப் பற்றிக்கொள்கின்றன. பாலூட்டிகளின் மெட்டலோதயோனின் மூலக்கூறு ஒன்று 7 துத்தநாக அல்லது காட்மிய அயனிகளைப் பிணைக்க வல்லது.

உயிரணுவில் இத்தகைய உலோகங்கள் மிகும்போது இப்புரதத்தின் உற்பத்தியும் மிகுகிறது. இதனால் பிற புரதங்கள் நச்சு உலோகங்களால் பாதிக்கப்படுவது குறைகிறது. எனினும், பிணைக்கப்பட்ட உலோகம் உடலை விட்டு நீங்கிவிடுவதில்லை. ஆகவே நலமாகத் தோன்றும் மட்டியிலும் உலோகம் மிகுந்திருக்கக்கூடும்.

மாற்றத்திற்கான காரணங்கள்

இனப்பெருக்கம்: இனப்பெருக்க உறுப்புகள் வளரும்போது உடல் எடை கூடுவதால் உலோகச் செறிவு குறைந்து காணப்படும். முட்டைகளும் விந்தணுக்களும் வெளியேறிய பின் எடை குறைவதால் செறிவு உயரும். எடுத்துக்காட்டாக, 2 கிராம் உலர் எடையில் 4 மைக்ரோகிராம் காட்மியம் இருப்பின் செறிவு கிராமுக்கு 2 மைக்ரோகிராம். காட்மியத்தின் அளவு மாறாமல் எடை மட்டும் 1.6 கிராமாகக் குறைந்தால் செறிவு 2.5 ஆகிவிடும். நீரில் புதிதாக மாசு எதுவும் சேரவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

உவர்ப்புத்தன்மை: கடல்நீரில் காட்மியம் பெரும்பாலும் குளோரைடுடன் இணைந்திருக்கும். நன்னீர் கலந்து உவர்ப்பு குறையும்போது தனித்த காட்மிய அயனிகளின் பங்கு கூடுகிறது. இவை உடலுள் எளிதில் புகுகின்றன. உவர்ப்பு மிகவும் குறைந்தால் மட்டிகள் ஓடுகளை மூடிக்கொண்டு வடிகட்டுதலையே நிறுத்திவிடும்.

வெப்பநிலை, உணவு கிடைக்கும் அளவு ஆகியவையும் உலோகச் செறிவையும் புரதத்தின் அளவையும் மாற்றுகின்றன.

காரைக்கால் கடற்கரை

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால், தமிழ்நாட்டின் நிலப்பரப்பால் சூழப்பட்டு, கிழக்கே வங்காள விரிகுடாவைக் கொண்டது. இது காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதியாகும். அரசலாறு இங்குக் கடலில் கலக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது, டெல்டா வயல்களின் வடிகால் நீரும் ஊர்களின் கழிவுநீரும் வண்டலுடன் முகத்துவாரத்தை அடைகின்றன. பாசுபேட்டு உரங்களில் சிறிதளவு காட்மியம் இருப்பது இயல்பு. கோடையில் ஆற்று நீர் வற்ற, முகத்துவாரத்தில் உவர்ப்பு உயர்கிறது. 2009 ஆம் ஆண்டு முதல் வாஞ்சூரில் துறைமுகம் ஒன்றும் இயங்கி வருகிறது. இத்தகைய கரையில் ஒரே ஒரு மாதத்தில் எடுத்த மாதிரியைக் கொண்டு மாசு கூடியது என்றோ குறைந்தது என்றோ முடிவு செய்ய இயலாது.

கண்காணிப்பும் உணவுப் பாதுகாப்பும்

சிப்பிகளைக் கொண்டு உலகக் கடற்கரைகளின் மாசினைக் கண்காணிக்கும் திட்டத்தை எட்வர்டு கோல்டுபர்க் 1975 இல் முன்மொழிந்தார். இத்தகைய ஆய்வுகளில் ஒரே இனத்தைச் சேர்ந்த, ஒத்த அளவுடைய உயிரிகளை ஆண்டுதோறும் அதே பருவத்தில் சேகரித்து ஒப்பிடுவது வழக்கம். மெட்டலோதயோனின் அளவைத் தனியாகக் கொள்ளாமல் உலோக அளவு, உடல் எடை, உவர்ப்புத்தன்மை ஆகியவற்றுடன் சேர்த்தே கணிக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் இருவோட்டு மெல்லுடலிகளில் ஈர எடையில் கிலோகிராமுக்கு 1 மில்லிகிராம் காட்மியத்தை உச்ச வரம்பாக வைத்துள்ளது. சமைப்பதால் உலோகங்கள் அழிவதில்லை. தூய நீரில் இட்டு வைத்தால் பாக்டீரியாக்கள் ஓரிரு நாட்களில் பெருமளவு குறையும். காட்மியம் குறைய வாரங்களோ மாதங்களோ ஆகும். எனவே மட்டி எடுத்து உண்ணும் கரையோர மக்களைப் பொறுத்தவரை, ஆண்டின் சராசரியைவிடச் செறிவு உச்சத்தை எட்டும் பருவத்தை அறிவதே முதன்மையானதாகும்.