கயாக்கில் போய் புதையல் தேடலாமா? ‘ஜியோகேச்சிங்’ விளையாட்டும் கவனிக்க வேண்டிய ஆபத்துகளும்

கையில் ஒரு செல்போன். திரையில் ஓர் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை. அங்கே யாரோ ஒளித்து வைத்த டப்பாவைக் கண்டுபிடிக்கணும். இதுதான் ஜியோகேச்சிங். அந்த டப்பா ஏரி நடுவே ஒரு தீவில் இருந்தால்? அப்போது கயாக் அல்லது கேனோ என்ற துடுப்புப் படகு தேவை.

எப்படி ஆரம்பித்தது?

பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலின் துல்லியத்தை அமெரிக்க அரசு வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. 2000 மே 2-ம் தேதி அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. மறுநாளே ஓரிகன் மாகாணத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருட்களைப் போட்டு ஒளித்துவிட்டு, இருக்கும் இடத்தை இணையத்தில் சொன்னார். இன்று உலகம் முழுக்க இப்படி 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் உள்ளன.

உள்ளே என்ன இருக்கும்?

தங்கம், வைரம் எல்லாம் கிடையாது. ஒரு சின்ன நோட்டு இருக்கும். பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை அதே இடத்தில் வைக்கணும். பொம்மை, சாவிக்கொத்து ஏதாவது எடுத்தால், அதே மதிப்பில் வேறொன்று வைக்க வேண்டும்.

படகு தேவை என்று எப்படித் தெரியும்?

ஒவ்வொரு டப்பாவுக்கும் இரண்டு மதிப்பெண்கள் உண்டு. ஒன்று, கண்டுபிடிக்கும் சிரமம். இன்னொன்று, போய்ச் சேரும் பாதையின் சிரமம். பாதைக்கு 5 என்றால், படகு, மலையேறும் கயிறு போன்ற கருவி இல்லாமல் போக முடியாது என்று அர்த்தம்.

ஆபத்து எங்கே?

செயலியின் அம்புக்குறி நேர்கோட்டில்தான் காட்டும். ‘400 மீட்டர்’ என்று சொல்லும். நடுவில் இருக்கும் நீரோட்டம், பாறை, காற்று பற்றிச் சொல்லாது. போகும்போது முதுகில் தள்ளிய காற்று, திரும்பும்போது முகத்தில் அடிக்கும். கழிமுகங்களில் கடல்நீர் ஏறியபோது படகு போன வழி, நீர் இறங்கியதும் சேறாகிவிடலாம்.

குளிர் நாடுகளில் இன்னொரு சிக்கல். 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழான தண்ணீரில் திடீரென விழுந்தால், மூச்சு கட்டுப்பாட்டை இழக்கும். நீச்சல் தெரிந்தவர்கூட முதல் சில நிமிடங்களில் மூழ்கலாம்.

கிளம்பும் முன் என்ன செய்யணும்?

* லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைத்தால் போதாது, போட்டுக்கொள்ளணும்.
* போகும் இடம், திரும்பும் நேரம் இரண்டையும் கரையில் ஒருவரிடம் சொல்லுங்கள்.
* வரைபடத்தை முன்பே பதிவிறக்கி, போனை தண்ணீர் புகாத உறையில் போடுங்கள்.
* கிளையில் தொங்கும் டப்பாவை எட்டிப் பிடிக்க கயாக்கில் எழுந்து நிற்காதீர்கள், கவிழ்ந்துவிடும்.
* பறவைகள் கூடு கட்டும் காலத்தில் தீவில் இறங்கத் தடை உள்ளதா என்று விசாரியுங்கள்.

காற்று பலமாகிவிட்டால், டப்பா 50 மீட்டரில் இருந்தாலும் திரும்பிவிடுவதே நல்லது. அது எங்கேயும் போகாது. இன்னொரு நாள் வந்து எடுத்துக்கலாம்.