திரும்பி விழுந்த எழுத்துகள்: ஒரு செப்புக் காசும் பிராமியின் பிறப்பும்

ஒரு ரப்பர் ஸ்டாம்பை எடுத்துப் பார்த்தால் அதிலுள்ள எழுத்துகள் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறி இருக்கும். தாளில் குத்தியதும் நேராகிவிடும். பழங்காலத்தில் காசு அடித்ததும் இப்படித்தான். கடினமான உலோக அச்சில் உருவத்தையும் எழுத்தையும் குழிவாகச் செதுக்குவார்கள். உலோகத் துண்டை அதன் மேல் வைத்து ஓங்கி அடித்தால், அச்சில் உள்ளது காசில் புடைப்பாகவும் திரும்பியும் விழும். ஆகவே அச்சில் எழுத்துகளைத் திருப்பிச் செதுக்க வேண்டும். செதுக்குபவர் அதை மறந்து, கைப்பழக்கத்தில் நேராகச் செதுக்கிவிட்டால்? காசில் வாசகம் தலைமாறி ஓடும்.

அப்படி ஓடிய ஒரு வாசகம்தான் இந்திய எழுத்துகளின் வரலாற்றில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது.

மத்தியப் பிரதேசத்தின் சாகர் மாவட்டத்தில் பீனா ஆற்றின் கரையில் உள்ள பழைய ஊர் ஏரண். அங்கு கிடைத்த ஒரு செப்புக் காசை அலெக்சாண்டர் கன்னிங்காம் 1891-இல் வெளியான தன் நூலில் பதிவு செய்தார். அதில் "ரஞோ தமபாலஸ" என்று பிராமி எழுத்தில் உள்ளது. "தர்மபால அரசனுடையது" என்று பொருள். பிராமி இடமிருந்து வலமாக எழுதப்படுவது. இந்தக் காசிலோ வாசகம் வலமிருந்து இடமாகச் செல்கிறது.

இதை ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் பூலர் விடவில்லை. பினீசிய எழுத்து போன்ற செமிட்டிக் எழுத்துகளிலிருந்தே பிராமி பிறந்தது என்பது அவர் கொள்கை. அந்த எழுத்துகள் வலமிருந்து இடமாக எழுதப்படுபவை. அப்படியானால் பிராமியும் ஒரு காலத்தில் அவ்வாறே எழுதப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பழைய வழக்கத்தின் எச்சமே ஏரண் காசு என்று 1895-இல் அவர் வாதிட்டார். வேடிக்கை என்னவென்றால், காசைப் பதிவு செய்த கன்னிங்காம் பிராமி இந்திய மண்ணிலேயே பிறந்தது என்று கருதியவர். அவர் வெளியிட்ட காசே எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டது!

மறுப்பும் எழுந்தது. அச்சு செதுக்கியவர் எழுத்தைத் திருப்ப மறந்திருக்கலாமே? அதற்கு ஏன் பல நூற்றாண்டுப் பழமையைத் தேட வேண்டும்? இன்றும் அறிஞர்கள் பலர் இந்த விளக்கத்தையே ஏற்கிறார்கள்.

ஆனால் தலைமாறிய எழுத்து எல்லாமே பிழை என்று சொல்லிவிடவும் முடியாது. இந்தியாவின் வடமேற்கில் ஆண்ட கிரேக்க மன்னர்களின் காசுகளில் ஒரு பக்கம் கிரேக்கமும் மறுபக்கம் கரோஷ்டியும் இருக்கும். கரோஷ்டி வலமிருந்து இடமாகத்தான் ஓடும். அது அந்த எழுத்தின் இயல்பு. இன்றைய துருக்கியின் மேற்குக் கரைப் பகுதியில் கி.மு. 600-ஐ ஒட்டி வெளியான ஒரு காசில் மேயும் மானும், "நான் பானேசின் அடையாளம்" என்று பொதுவாகப் பொருள் கொள்ளப்படும் கிரேக்க வாசகமும் உள்ளன. அதுவும் வலமிருந்து இடமாகவே செல்கிறது. அக்காலக் கிரேக்கர்கள் இரு திசையிலும் எழுதியவர்கள் என்பதால் அதைப் பிழை என்று யாரும் சொல்வதில்லை.

பிராமியிலேயே கூட விதிவிலக்குகள் உண்டு. பூலர் 1898-இல் இறந்தார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1929-இல் ஆந்திரத்தின் கர்நூல் பகுதியில் எர்ரகுடி என்ற இடத்தில் அசோகரின் பாறைக் கல்வெட்டுகள் கண்டறியப்பட்டன. அவற்றுள் சிறு பாறைக் கல்வெட்டின் சில வரிகள் இடமிருந்து வலமாகவும் சில வரிகள் வலமிருந்து இடமாகவும் செல்கின்றன. ஏர் உழும் மாடு வயலின் முனையில் திரும்பி வருவதைப் போல! இலங்கையின் பழைய பிராமிக் கல்வெட்டுகளிலும் வலமிருந்து இடமாகச் செல்பவை சில உள்ளன. ஆனால் இவை அரிதானவை. அசோகரின் மற்ற பிராமிக் கல்வெட்டுகள் எல்லாம் இடமிருந்து வலமாகவே உள்ளன.

ஆக, ஒரு காசில் எழுத்து திரும்பியிருந்தால் முதலில் கேட்க வேண்டியவை மூன்று. அந்த எழுத்து எந்தத் திசையில் எழுதப்படுவது? அதே அரசனின் வேறு காசுகளில் வாசகம் எப்படி உள்ளது? எழுத்தறியாத ஒருவர் வேறொரு காசைப் பார்த்து அப்படியே அச்சில் செதுக்கினாரா? அவர் கண்ணுக்கு நேராகத் தெரிந்ததைச் செதுக்கினால், அடித்த காசில் அது திரும்பித்தானே விழும்!

பிராமி எங்கே பிறந்தது என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. மேற்காசிய எழுத்துகளின், குறிப்பாக அரமேயத்தின், தாக்கம் அதில் உண்டு என்று கருதுவோர் இன்றும் பலர். இல்லை என்போரும் உண்டு. பூலரின் முடிவு முழுவதும் தவறு என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் அதற்குச் சான்றாக அவர் நிறுத்திய காசு அந்தப் பாரத்தைத் தாங்கக்கூடியது அல்ல. ஒரு கைத்தவறுக்கும் ஒரு மரபுக்கும் உள்ள வேறுபாட்டை ஒற்றைக் காசால் காட்ட முடியாது. அதற்கு இரண்டாவது காசு வேண்டும், மூன்றாவதும் வேண்டும்.