அறுந்த இழையை முடியும் முட்டை



நம் கொற்கைக் கடற்கரை முத்துக்குப் பேர்போனது. இதே கரையோரமாகத் தெற்கே போய்க் குமரி முனையைச் சுற்றினால் மணவாளக்குறிச்சி. அங்குள்ள மணலில் மோனசைட் இருக்கிறது. அதிலுள்ள தோரியம் கதிர்வீசும். அந்தப் பக்கம் வாக்கப்பட்டுப் போன மாணவிகள், "மெதுவாகத்தானே சார் படுகிறது, என்ன ஆகிவிடும்?" என்று கேட்பதுண்டு.

இதே கேள்வியை 1930-களின் இறுதியில் ஓர் இந்தியர் கேட்டார். கேட்டது பழ ஈயிடம்! வாழைப்பழத்தை மொய்க்குமே, அந்தச் சின்ன ஈதான்.

எக்ஸ் கதிர் பட்டால் மரபணு மாறும் என்று 1927-ல் பழ ஈயில் காட்டியவர் அமெரிக்கரான முல்லர். 1946-ல் நோபல் பரிசு பெற்றார். அவர் எடின்பரோவில் இருந்தபோது அவரிடம் ஆய்வு செய்தவர் எஸ். பி. ராய்சௌத்ரி. பின்னாளில் காசி இந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஈயின் விந்தணுக்களுக்கு ஒரே அளவு கதிரைச் சிலவற்றுக்குச் சட்டென்றும், சிலவற்றுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் சிறுகச் சிறுகவும் கொடுத்தார். மரபணு மாற்றம் இரண்டிலும் ஒன்றுபோலவே இருந்தது.

அப்படியானால் மெதுவாகப் பட்டாலும் பயனில்லையா? 1958-ல் அமெரிக்காவில் ரஸ்ஸல் குழுவினர் சுண்டெலிகளின் முதிராத இனச்செல்களில் பார்த்தபோது, மெதுவாகக் கொடுத்த கதிர் குறைவான மாற்றத்தையே உண்டாக்கியது.

வேறுபாடு கதிரில் இல்லை, செல்லில் இருக்கிறது. முதிர்ந்த விந்தணுவுக்குத் தன் பழுதைச் சரிசெய்யத் தெரியாது. அதில் அறுந்த டி.என்.ஏ. இழை, முட்டைக்குள் போன பிறகுதான் ஒட்டப்படும்.

முட்டைக்கு அது கைவந்த வேலை. பெண் ஈயின் சூலகத்தில் முட்டை உருவாகும்போது, தாய்வழி, தந்தைவழி குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்காக முட்டைச் செல் தன் இழையைத் தானே வெட்டி, ஜோடி இழையைப் பார்த்து மறுபடி முடிகிறது. ஆண் ஈயில் இந்த மாற்றம் நடப்பதில்லை. முடியும் வேலைக்கு ஓக்ரா, ஸ்பிண்டில்-பி என்ற மரபணுக்கள் தேவை என்று 1998-ல் பிரின்ஸ்டனில் ஷூப்பாக் குழுவினர் கண்டார்கள். அவை பழுதானால் முட்டையில் முதுகுப்புறம், வயிற்றுப்புறம் வகுப்பதும் குலைகிறது.

மோனசைட் மணலுள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் செய்த ஆய்வு 2009-ல் வெளியானது. இயற்கைக் கதிர்வீச்சால் அங்கே புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

ஆகவே பிள்ளைகளே, பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். "எவ்வளவு?" என்பதோடு "எந்தச் செல்லில்?" என்றும் கேளுங்கள். உயிர் தழைப்பது அறுபடாததால் அல்ல, அறுந்ததை முடியத் தெரிந்ததால்.